நான்கு சன்னல் வைத்த அட்டை

மலைப்பாதை ஓட்டம் என்றதும் உலகம் ஓடுகிறவனைப் பற்றியே பேசுகிறது. ஓடுகிறவனுக்கு இரண்டு கால்கள் போதும். அவனைப் பார்க்க வருகிறவர்களுக்கோ ஒரு கார் வேண்டும், அதை நிறுத்த ஒரு வளைவு வேண்டும், பின்னால் வரும் ஆம்புலன்சுக்கு ஒதுங்காத நெஞ்சழுத்தமும் வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏழாம் கொண்டை ஊசி வளைவில் பதினெட்டுக் கார்கள் ஒன்றன் வாலை ஒன்று கடித்துக்கொண்டு நின்றன. கணுக்கால் முறிந்த பெண்ணொருத்தி இரண்டு மணி நேரம் தூக்குப் படுக்கையில் கிடந்தாள். காரில் வந்தவர்கள் இறங்கி நின்று அவளுக்குக் கைதட்டினார்கள். வண்டியை நகர்த்தத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகுதான் ஓட்டக் குழுவினர் நேரக் காப்பாளரைத் தேடி வந்தார்கள். பேருந்துப் பணிமனையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வண்டிகளை அனுப்பியும் வாங்கியும் ஓய்வு பெற்ற அம்மையார் அவர். குழுத் தலைவர் ஒரு பல் மருத்துவர். வலிக்காது என்று சொல்லிக்கொண்டே பிடுங்கிவிடும் வழக்கம் அவருக்குக் குழுவிலும் இருந்தது.

"ஒரே ஒரு அட்டவணைதான், டைம்கீப்பரம்மா. ஒரு மணி நேர வேலை" என்றார்.

அந்த ஒரு மணி நேரம் எட்டு மாதங்களாக நீண்டது. மலைச்சாலையில் ஒரே ஒரு வண்டி போகத்தான் அகலம் உண்டு. ஆகவே காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு வரை வண்டிகள் மேலே மட்டும் ஏறும். இரண்டு முதல் ஐந்து வரை கீழே மட்டும் இறங்கும். பார்வையாளர் எவரும் காரில் வரக் கூடாது; குழுவின் பேருந்தில்தான் வர வேண்டும். மூன்றாம் நிலையத்தைத் தாண்டிப் பார்வையாளருக்கு இடமே இல்லை. நாற்பத்து நான்காம் கிலோமீட்டரிலுள்ள அந்த நிலையத்திலிருந்து கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மட்டும், ஓடுகிறவர் ஒவ்வொருவரும் தமக்குத் துணையாக ஒருவரை அழைத்துச் செல்லலாம். அந்தத் துணையோட்டக்காரரை அவர்கள் பேஸர் என்பார்கள். களைத்தவனுக்குப் பின்னால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடப்பதுதான் அவர் வேலை. அவர் கையில் குழு கொடுத்த பச்சைப் பட்டை இருக்க வேண்டும்.

அந்தப் பட்டையில்தான் பழைய வம்பெல்லாம் இருந்தது. தலைவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கே பட்டை கிடைக்கிறது என்று ஊர் பேசிற்று. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நேரக் காப்பாளரோ ஓர் அட்டையைக் கண்டுபிடித்தார். பழைய செருப்புப் பெட்டியொன்றை வெட்டி, விண்ணப்பத்தின் அளவுக்கு அட்டையாக்கி, அதில் நான்கு சன்னல்கள் திறந்தார். விண்ணப்பத்தின்மேல் அதை வைத்தால் ஓடுபவரின் எண், துணைக்கு வருபவரின் வயது, மருத்துவச் சான்று, துணைக்கு வருபவரின் கையெழுத்து ஆகிய நான்குமே தெரியும். பெயரும் உறவும் அட்டைக்கு அடியில் மறைந்துவிடும்.

"பேரு தெரிஞ்சாத்தானே முகம் தெரியும். முகம் தெரிஞ்சாத்தானே முகதாட்சண்யம்" என்று அவர் விளக்கியபோது குழுவே கைதட்டிற்று. வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான். சன்னல்களின் ஓரங்களை அன்று மாலையே உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கினார்.

இந்த வேலையெல்லாம் அவர் வீட்டு நடு அறையில் நடந்தது. அங்கே இருந்த இரும்புக் கட்டிலின்மேல்தான் வரைபடங்கள் விரிந்து கிடந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தக் கட்டிலில் அம்மா படுத்திருந்தார். மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் வந்து பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை, நேரக் காப்பாளர் கொட்டை எழுத்தில் எழுதி வாசற்கதவில் ஒட்டியிருந்தார். தொலைவிலிருந்து வந்த தம்பி, வழியில் வண்டி பழுதாகி, ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினான். "அம்மா தூங்குறாங்க. காலையில எட்டு மணிக்கு வாடா" என்று கதவுச் சங்கிலியை எடுக்காமலே சொல்லி அனுப்பினார். அம்மா விடிகாலை ஐந்து மணிக்கே போய்விட்டார்.

தம்பி சண்டை போடவில்லை. ஏனென்று ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. எல்லாம் முடிந்ததும் போனவன், பிறகு பேசவேயில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம், அல்லது காலில் விழுந்திருக்கலாம். வாயே திறக்காதவனிடம் எங்கிருந்து தொடங்குவது? இரண்டு முறை தொலைபேசி எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்குமுன் அவரே வைத்துவிட்டார். அவன் மலைப்பாதைகளில் ஓடுகிறான் என்பதை யாரோ சொல்லக் கேட்டதுண்டு. ஐம்பத்து நான்கு வயதில் இது என்ன வேலை என்று நினைத்துக்கொண்டதோடு சரி.

விண்ணப்பங்கள் தொண்ணூற்றேழு வந்தன. அட்டையை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாச் சன்னல்களும் நிறைந்திருந்தால் பச்சை மை. ஒரு சன்னல் வெறுமையாக இருந்தாலும் சிவப்பு மை. சிவப்பு மை பெற்ற முப்பது பேருக்கும் அவரே வாசகம் எழுதிக் கொடுக்க, குழுவின் செயலாளர் எண்வாரியாகக் கைப்பேசியில் அனுப்பிவைத்தார். சான்று இல்லாதவர்களுக்கு ஒரு வாசகம். கையெழுத்து இல்லாதவர்களுக்கு வேறொன்று: "தாங்கள் குறிப்பிட்ட துணையோட்டக்காரரின் ஒப்புதல் பெறப்படவில்லை. எனவே அனுமதி மறுக்கப்படுகிறது." கீழே அவர் பதவி. பிழையற்ற வாசகம். அவ்வளவு பிழையற்ற வாசகத்தை எழுதுகிறவர்கள், அது ஒரு மனிதனின் கையில் போய்ச் சேரும் என்பதை எப்போதாவது நினைத்துப் பார்க்கிறார்களா?

ஓட்டத்தன்று காலை முதல் அவர் அடிவாரத் தடுப்பில் இருந்தார். தடுப்புக் கம்பைத் தூக்குவதும் இறக்குவதும் அவருடைய பழைய பணிமனை ஓட்டுநர் ஒருவரின் பொறுப்பு. அடங்கிப் பேசத் தெரியாத குரல் என்பதால் அவருக்கு ஹாரன் என்று பெயர். இரண்டு மணி அடித்ததும் கம்பு இறங்கிற்று. மேலே போக இனி வழியில்லை. ஏறிய பேருந்துகள் எல்லாம் மேலே போய்ச் சேர்ந்துவிட, முதல் பேருந்து பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கியிருந்தது.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தச்சர் வந்தார். காதில் பென்சில் அப்படியே இருந்தது.

"என் பொண்டாட்டி மேல ஓடிக்கிட்டிருக்கா. நான் துணைக்குப் போகணும்னு எழுதிக் குடுத்தேன். இல்லைன்னுட்டீங்க."

"என்ன எண்?"

"முப்பத்தொண்ணு."

"மருத்துவச் சான்று வைக்கலை."

"மரம் தூக்குறவனுக்கு என்னங்க சான்று? தெரிஞ்சவனுக்கெல்லாம் பட்டை குடுத்திருப்பீங்க. நமக்குத்தான் சட்டம்."

பணிமனையில் ஆயிரம் ஏச்சுகளைக் கேட்ட காது அது. ஆனால் அட்டை செய்தவரைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா? நேரக் காப்பாளருக்குக் கழுத்துவரை சூடேறிற்று. சிவப்பு மைக் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பாருங்க. பதினாலு, சான்று இல்லை. முப்பத்தொண்ணு, சான்று இல்லை. அம்பத்தெட்டு, வயசு பத்தாது."

"நம்பரைச் சொன்னா எனக்கு என்ன தெரியும்? பேரைப் படிங்க."

ஹாரன் கம்பில் சாய்ந்தபடி, "படிச்சுக் காட்டுங்கம்மா, தலைவரோட மச்சான் பேருகூட அதுல இருக்குன்னு கேள்வி" என்றார்.

அவர் படித்தார். முதல்முறையாக, அட்டையில்லாமல் அந்தத் தாள்களைப் பார்த்தார். தலைவரின் மச்சான் இருந்தார், ஹாரன் சிரித்தார். நேரக் காப்பாளரின் குரல் நிமிர்ந்தது. பதினோராவது தாளுக்கு வந்தார். எண் இருநூற்றுப் பதினான்கு. ஓடுபவர் என்ற இடத்தில் இருந்த பெயரைப் பாதி படித்தவர், மீதியைப் படிக்கவில்லை. துணைக்கு வருபவர் என்ற இடத்தில் அவருடைய சொந்தப் பெயர் இருந்தது. வயது அறுபத்திரண்டு. உறவு, அக்கா. மருத்துவச் சான்றுக்கான கட்டத்தில் ஒரு குறி போட்டு, அட்டை மறைத்திருந்த ஓரத்தில், "அவங்க என்னைவிடத் திடமா இருப்பாங்க, அங்க வந்து டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்" என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தான். கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. அங்கே அவன் எப்படிப் போட முடியும்? அது அவர் போட வேண்டிய கையெழுத்து. இந்தத் தாள் அக்காவின் மேசைக்குத்தான் போகிறது, அவள் பார்ப்பாள், போடுவாள் என்று விட்டிருக்கிறான்.

தச்சர் எட்டிப் பார்த்தார். "யாரு இது?"

"என் தம்பி."

தச்சர் தாளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நீங்க யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணலைங்கறது உண்மைதான்" என்றார். அதில் கிண்டல் இல்லை; அதனால்தான் அது நெஞ்சில் ஆழமாகக் குத்திற்று.

வாக்கி டாக்கியை எடுத்து மூன்றாம் நிலையத்தை அழைத்தார். அங்கிருந்த செவிலியர், இருநூற்றுப் பதினான்கு ஒன்று ஐம்பதுக்கே வந்துவிட்டதாகவும், தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பப் போவதாகவும் சொன்னார்.

"இருக்கச் சொல்லுங்க. அக்கா வர்றாங்கன்னு சொல்லுங்க." சற்று யோசித்தார். "மூணு மணி அஞ்சு நிமிஷத்துக்கு அங்க இருப்பேன்."

மூன்றாம் நிலையத்தின் கெடு மூன்றரை. அதற்குமேல் அங்கிருந்து யாரும் புறப்படக் கூடாது. ஓட்டத்தின் இறுதிக் கெடு மாலை ஏழு. கணக்கு சரியாக இருந்தது.

ஹாரன் கம்பைத் தூக்கப் போனார். "ஜீப்பை எடுக்கறேன், ஏறுங்கம்மா. ரெண்டு நிமிஷம் லேட்டுன்னு எனக்குச் சிவப்பு மை போட்டவங்க நீங்க. அதெல்லாம் மறந்துட்டேன், வாங்க."

"வண்டி இறங்கிக்கிட்டிருக்கு. எந்த வளைவுல ஒதுங்குவீங்க?"

ஹாரன் கையை எடுத்துவிட்டார். அந்த விதி சரியான விதி. அதை மீறினால் அறுபது பேர் பள்ளத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். தவறு சாலையில் இல்லை. செருப்புப் பெட்டியில் இருந்தது. நேரக் காப்பாளர் வாக்கி டாக்கியை ஹாரனிடம் கொடுத்தார். தடுப்புக்கு அது ஒன்றுதான். தடுப்பை விட்டு அது நகரக் கூடாது. மலையில் கைப்பேசியோ வெறும் கடிகாரம்தான். குடிநீர்க் குழாய்ப் பாதை வழியாக நான்கு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம் என்று அவருடைய அட்டவணையிலேயே இருந்தது. அந்தப் பாதை நடுவில் ஓட்டப் பாதையைக் குறுக்காகக் கடப்பதால் பார்வையாளருக்கு அதை அவரே மூடியிருந்தார்.

"நானும் வரவா?" என்றார் தச்சர்.

"வாங்க."

ஐம்பது நிமிடம் என்று அளந்தவர்கள் இருபத்தைந்து வயதுத் தொண்டர்கள். ஊரிலுள்ள வண்டிகளுக்கெல்லாம் நேரம் போட்டவர், தம் முழங்காலுக்கு நேரம் போட மறந்துவிட்டார். முதல் கிலோமீட்டரிலேயே அவருக்கு அது தெரிந்தது. குழாயின் இணைப்புகளைப் பிடித்துப் பிடித்து ஏறினார். தச்சர் ஒரு கிளையை ஒடித்து, கணுக்களைச் சீவி, ஊன்றுகோலாக நீட்டினார்.

"தம்பிக்கும் உங்களுக்கும் பேச்சு இல்லையா?"

"எப்படித் தெரியும்?"

"பேச்சு இருந்தா ஃபாரத்துல எழுதிக் கேப்பாங்களா? வீட்டுக்கு வந்து, கிளம்பு அக்கான்னு சொல்லுவாங்க."

அவர் ஊன்றுகோலை அடுத்த கல்லில் ஊன்றி ஏறினார்.

பாதை குறுக்கிடும் இடத்தை அடைந்தபோது மணி மூன்று ஏழு. மேலே இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் இருந்தது. அப்போதுதான் முப்பத்தொன்று என்ற எண் மரங்களுக்கிடையில் தெரிந்தது. தச்சரின் மனைவி, தலையெல்லாம் தூசி, முகமெல்லாம் உப்பு.

"தண்ணி குடிச்சியா?" என்றார் தச்சர்.

"குடிச்சேன். நீ எப்படி இங்க வந்தே? சான்று வாங்குன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?"

"வலிக்குதா?"

"போய்யா, வழிய விடு" என்றவள், போகிற போக்கில் அவர் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். அரை நிமிடம்கூட இராது. தச்சருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அங்கேயே ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"மேல இருநூத்திப் பதினாலுகிட்டச் சொல்லும்மா" என்று நேரக் காப்பாளர் அவளுக்குப் பின்னால் குரல் கொடுத்தார். "வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு."

கையை உயர்த்திக் காட்டிவிட்டு அவள் மறைந்தாள்.

மூன்றாம் நிலையத்துக்கு நேரக் காப்பாளர் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று முப்பத்தாறு. கூடாரத்தின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். செவிலியர் அவரைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"இப்பத்தாம்மா போனாரு. மூணு இருபத்தொம்பதுக்கு நான்தான் விரட்டினேன். அதுக்கு மேல நின்னா பேரை அடிச்சிருப்பாங்க."

"மூணு அஞ்சுக்கு நான் வரலைன்னதும் போயிருக்கலாமே."

"சொன்னேன். காலு ரெண்டும் மரத்துப் போகுது, கிளம்புங்க சார்னு சொன்னேன். அவங்க சொன்னா சொன்ன நேரத்துக்கு வருவாங்க, ஒரு நிமிஷம் பிசகாது, உங்க கடிகாரம்தான் வேகமா ஓடுதுன்னாரு. அப்புறம் அந்தப் பொண்ணு வந்து, வந்துக்கிட்டே இருக்காங்கன்னு சொல்லிச்சு. திரும்ப உக்காந்துட்டாரு."

பெஞ்சின்மேல் ஒரு காகிதக் கோப்பை, தூசி விழாமல் பிஸ்கட் உறையால் மூடி வைக்கப்பட்டிருந்தது.

"ரெண்டு டீ வாங்கினாரு. இது உங்களுக்கு."

அது ஆறிப்போய், மேலே ஆடை கட்டியிருந்தது. நேரக் காப்பாளர் நின்றபடியே அதைக் குடித்து முடித்தார். அவன் போன பாதை, கூடாரத்துக்குப் பின்னால், ஓர் ஆள் மட்டுமே நடக்கும் அகலத்தில் சரிவில் இறங்கிற்று. அதில் பத்தடி போனார். முழங்கால் மடங்கிற்று. வந்தவருக்குப் போக முடியவில்லை. போனவனைக் கூப்பிடவும் முடியவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, இங்கே வாலும் கைக்குச் சிக்கவில்லை. நான்கு மணிப் பேருந்தில், பார்வையாளர்களோடு பார்வையாளராக, அவரும் கீழே இறங்கினார்.

மின்விசிறியால் காற்றடைத்து நிறுத்திய துணி வளைவுதான் ஓட்டத்தின் முடிவு; அது அடிவாரத்தின் மறுபுறம் இருந்தது. அங்கே தாமே கட்டச் சொன்ன கயிற்றுக்கு வெளியே நின்றார். தச்சரின் மனைவி ஆறே முக்காலுக்கு வந்தாள். ஏழு மணிக்குச் சங்கு ஊதினார்கள். வளைவின் மின்விசிறியை நிறுத்தியதும் அது மெல்லத் தலை சாய்ந்தது. ஏழு பன்னிரண்டுக்கு, சாய்ந்து கிடந்த துணியை மிதிக்காமல் சுற்றி நடந்து, ஒரு காலை இழுத்தபடி தம்பி வந்தான்.

பல் மருத்துவர் நேரக் காப்பாளரின் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்காக ஒண்ணரை மணி நேரம் உக்காந்திருக்காரு. இல்லைன்னா அஞ்சரைக்கே வந்திருப்பாரு. பன்னிரண்டு நிமிஷம்தானே, ஏதாவது எழுதிக்கலாம். நீங்க சரின்னா போதும்."

முப்பத்து நான்கு ஆண்டுகளில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டு, பதில் கிடைக்காமல் நின்றதில்லை. அன்று பல் மருத்துவர் நின்றார்.

தம்பியே சொன்னான். "வேணாம் சார். லேட்டுன்னா லேட்டுதான். அவங்க போட்ட நேரம்." பிறகு, கயிற்றுக்கு உள்பக்கம் தரையில் உட்கார்ந்து, காலணியின் முடிச்சோடு போராடத் தொடங்கினான். நேரக் காப்பாளர் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்து அவிழ்த்துவிட்டார். மூன்று ஆண்டுகளில் அவனை இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறார். காதோரம் முழுதும் நரைத்திருந்தது.

"நீ மேல எத்தனை மணிக்கு வந்தே?" என்று கேட்டான்.

"மூணு முப்பத்தாறு."

"முப்பத்தோரு நிமிஷம்." அவன் சிரிக்கப் பார்த்தான். "உனக்கு யாரு சிவப்பு மை போடறது?"

"பேரு தெரியாம அடிச்சுட்டேன்டா. அட்டை வெச்சுப் பாத்தேன்."

"என்ன அட்டை?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அவன் அதை வாங்கி, புரட்டி, ஒரு சன்னல் வழியாக அக்காவைப் பார்த்தான்.

"இதுல எந்த ஜன்னல்ல என் பேரு தெரியும்?"

"எதுலயும் தெரியாது."

அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். "ஒப்புதல் பெறப்படவில்லைன்னு வந்துச்சு. சரி, அவ்வளவுதான்னு நெனச்சேன். அப்புறம் மேல வந்து நர்ஸம்மா சொன்னதும்…"

"எதுக்குடா என்னை எழுதினே? நடக்கத் துணையா?"

"ஒண்ணு கேக்கணும்னு. துணைக்கு வர்றவங்க பின்னாடிதான் வருவாங்க, பாதை அப்படி. கேக்கறவன் முகத்தை நீ பாக்க வேணாம், சொல்றவ முகத்தை நான் பாக்க வேணாம். பன்னிரண்டு கிலோமீட்டர்ல எங்கயாவது ஒரு எடத்துல கேட்டிருப்பேன்."

"இப்பக் கேளு."

"இப்படி நேருக்கு நேரா உக்காந்துக்கிட்டா? முடியாதுக்கா."

ஏழரைக்கு ஊருக்குள் போகும் கடைசிப் பேருந்தை ஹாரன்தான் ஓட்டினார். வண்டியில் அவர்கள் இருவருமே. தம்பி முன்பக்கம் ஓர் இருக்கையில் சன்னலோரம் அமர்ந்தான். நேரக் காப்பாளர் அவனருகில் உட்காரப் போனவர், சற்று நின்று, அவனுக்குப் பின்னிருக்கையில் போய் உட்கார்ந்தார். ஹாரன் கண்ணாடியில் பார்த்தார்.

மரக்கடை வரிசையைத் தாண்டியபோது, திரும்பாமலே அவன் கேட்டான்.

"அன்னைக்கு அம்மா நெசமாவே தூங்கிட்டா இருந்தாங்க?"

நேரக் காப்பாளர் அவன் பிடரியைப் பார்த்தார். அங்கே வியர்வை உப்பாக உலர்ந்து கோடு கோடாக இருந்தது.

"இல்லடா. முழிச்சிருந்தாங்க. கதவைத் தட்டினது யாருன்னு கேட்டாங்க. உன் குரல் மாதிரி இருக்குன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"காத்துன்னு சொன்னேன்."

வண்டி கொஞ்ச தூரம் போயிற்று.

"நம்புனாங்களா?"

"தெரியலடா."

அவன் திரும்பவில்லை. வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்றது. இறங்குவார் இல்லை, ஏறுவாரும் இல்லை. ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று அட்டவணையில் அவரே போட்டிருந்ததால் நின்றது. அந்த ஒரு நிமிடமும் முழுதாகக் கழிந்த பிறகே ஹாரன் வண்டியை எடுத்தார்.